செங்கல் தூசியும் சாலைத் தூசியும்

மார்ச் 3, செவ்வாய்

செய்து அனுப்பிய பீங்கான் பல் ஒன்று எங்கள் லேபுக்குத் திரும்பி வந்துவிட்டது. "ரொம்ப வெள்ளையா இருக்கு, பக்கத்துப் பல்லோட ஒட்டல" என்று பல் மருத்துவர் சீட்டு வைத்து அனுப்பியிருக்கிறார். நான் செய்த பல் அல்ல, பக்கத்து மேசைக்காரர் செய்தது. வாங்கி, ஈறுப் பக்கம் ஒரு துளி பழுப்பு, நுனியில் ஒரு துளி சாம்பல் வைத்து மறுபடி சூளையில் சுட்டுக் கொடுத்தேன். அரை மணி நேர வேலை. "இப்ப முப்பது வருஷம் காபி குடிச்ச பல்லு மாதிரி இருக்குக்கா" என்றார் அவர். அதுதானே வேணும்?

என் பிழைப்பே இதுதான். பகலில் புதுப் பல்லைப் பழசாக்குவேன், மாலையில் புது வண்டியைப் பழசாக்குவேன். எங்கள் மாதிரி வண்டிச் சங்கத்தில் இன்று கண்காட்சிக்குத் தலைப்பு சொல்லிவிட்டார்கள்: உழைக்கும் வண்டிகள். மே 24. நிஜ வண்டியை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் செய்ய வேண்டும். தலைப்பைக் கேட்டதுமே எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்க மாட்டார்களா பின்னே? அங்கே என் பெயரே தூசி அக்கா.

வரும் வழியில் பாஸ்டல் குச்சிகள் வாங்கினேன். சாக்பீஸ் போல உதிருகிற வகை. எண்ணெய்ப் பாஸ்டலை எடுத்து நீட்டிய கடைக்காரருக்கு ஒரு வகுப்பே எடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் இவர் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, "இந்த வீட்டுல இருக்கற தூசியத் துடைக்க ஆள் இல்ல. காசு குடுத்துத் தூசி வாங்கிட்டு வர ஒரு ஆள் இருக்கு" என்றார். இருபத்தாறு வருடமாக இதே நக்கல். வார்த்தையைக்கூட மாற்றுவதில்லை.

மார்ச் 8, ஞாயிறு

தண்ணீர் லாரிதான் செய்யப் போகிறேன். முடிவு செய்தாயிற்று.

தண்ணீர் லாரியின் அழுக்கு தனி அழுக்கு, அதனால்தான் என்று சங்கத்தில் சொன்னேன். உண்மைதான். முன்பக்கம் சாலைத் தூசி, பின்பக்கம் தண்ணீர் வழிந்து கழுவிய கோடுகள், குழாய்க்குக் கீழே பாசி, தொட்டி மூடியைச் சுற்றித் துரு. ஒரே வண்டியில் நான்கு விதம். அதைச் செய்ய இந்த ஊரில் எனக்குத்தான் கை உண்டு.

ஆனால் நாட்குறிப்பிலுமா பொய் எழுதுவது? அது அண்ணன் ஓட்டிய வண்டி. இருபத்திரண்டு வருடம் ஓட்டினான். காலை ஏழு பத்துக்கு எங்கள் தெருவைத் தாண்டும்போது சின்னதாய் இரண்டு ஹார்ன் அடிப்பான். "உங்க அண்ணன் அட்டெண்டன்ஸ் போட்டாச்சு, எந்திரி" என்பார் இவர். மூன்று வருடமாக ஹார்ன் இல்லை. சுவர் விழுந்த அன்றைக்குப் பிறகு அண்ணன் வண்டி ஓட்டவில்லை. குடிநீர் வாரியப் பணிமனை வாசலில் உட்கார்ந்து, உள்ளே வெளியே போகிற வண்டிகளின் நம்பர் எழுதுகிறான். என்னோடு பேசுவதும் இல்லை.

அண்ணிக்கு மட்டும் போன் செய்தேன். "அண்ணி, வண்டி போட்டோ ஏதாவது இருந்தா அனுப்புங்க." எதற்கு என்று கேட்கவில்லை. "மத்தியானம் உங்க அண்ணன் தூங்கினதும் தேடறேன்" என்றார். பட்டப்பகலில் தூங்குகிற மனிதனா அவன்? முன்பெல்லாம் கிடையாது.

மார்ச் 9, திங்கள்

நான்கு படம் வந்தது. மூன்றில் அண்ணன் வண்டி முன்னால் விறைப்பாக நிற்கிறான். நான்காவது, சுவர் விழுந்த அன்று பணிமனை ஃபிட்டர் போனில் எடுத்து அண்ணிக்கு அனுப்பியது. அதை மட்டும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. பிறகு பார்க்கலாம்.

மார்ச் 15, ஞாயிறு

தொட்டி முடிந்தது. பிளம்பர் வீசிவிட்டுப் போன குழாய்த் துண்டுதான். இரண்டு பக்கமும் மூடி, ஏணி, மேலே திறப்பு. முகப்பு, சக்கரமெல்லாம் கடையில் வாங்கிய லாரித் தொகுப்பிலிருந்து. மஞ்சள் அடித்து வைத்திருக்கிறேன். இப்போது பார்க்கப் பொம்மைக் கடையில் இருப்பது போல அசிங்கமாக இருக்கிறது. அழுக்கு ஏறினால்தான் அழகு.

மார்ச் 22, ஞாயிறு

இன்று நாள் முழுக்கத் தூசி வேலை. சும்மா சொல்லக் கூடாது, என் கை என் கைதான்.

முதலில் மேட் வார்னிஷ். பளபளப்பின் மேல் பொடி நிற்காது, சொரசொரப்பு வேண்டும். பிறகு குச்சியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடி எடுக்க வேண்டும். சாம்பல், காவி, கொஞ்சம் பழுப்பு, துளி கறுப்பு. கறுப்பை மட்டும் பூசுகிறவர்கள் கரிச்சட்டிதான் செய்கிறார்கள், வண்டி செய்யவில்லை. சக்கரத்திலிருந்து மேலே போகப் போகத் தூசி மெலியும், பக்கவாட்டில் மழை இறங்கிய திசையில் தூரிகை இறங்கும். ஓட்டுநர் கதவில் சாம்பல் பொடியை ஈரத் தூரிகையால் வைத்துக் காயவிட்டேன். சாலைத் தூசி பனியோடும் டீசல் புகையோடும் சேர்ந்து அப்படித்தான் ஒட்டிப்போகும். சட்டைக் கையால் துடைத்தாலும் போகாது; அதன் மேல் இன்று படிந்த தூசி போல உலர் பொடி, அது தொட்டாலே வரும்.

கடைசியில் மேலே வார்னிஷ் அடிக்க மாட்டேன். அடித்தால் பாதி நிறத்தைக் குடித்துவிடும். என் முதல் வண்டி அப்படித்தான் குளித்துவிட்டு வந்தது போல ஆனது. அதனால் என் வண்டிகளை யாரும் தொடக் கூடாது. தொட்டால் தொட்ட இடம் தொட்டதுதான். இவருக்கு இந்த வீட்டில் இருக்கிற ஒரே சட்டம் அது.

மீதி இருப்பது முன்பக்கமும், பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிகளும்.

மார்ச் 28, சனி

இதை உடனே எழுதிவிடுகிறேன்.

கண்ணாடிக்கு எவ்வளவு தூசி வைக்கலாம் என்று பார்க்கத்தான் அந்த நான்காவது படத்தைத் திறந்தேன். ஓட்டுநர் பக்கம், கிட்டத்தில் எடுத்தது. பெரிதாக்கினேன். வண்டி முழுக்கச் செங்கல் தூசி, இடிந்த மதில் சுவருடையது. கண்ணாடி முழுக்கவும் அதே. சரி, செங்கல் நிறக் குச்சியைத் தேய்ப்போம் என்று தேய்த்துக்கொண்டே பார்க்கிறேன் — கதவின் பின் விளிம்பில் நான்கு விரல் இழுத்த தடம். கண்ணாடியிலும் நான்கு விரல். இறங்கும்போது தடுமாறியிருக்கிறான். கதவைப் பிடித்து, அப்புறம் கண்ணாடியைப் பிடித்து நின்றிருக்கிறான்.

கதவில் விரல் பட்ட இடத்தில் சிவப்பு போய் அடியில் சாம்பல் தெரிகிறது. பழைய சாலைத் தூசி. நான் போன வாரம் வைத்தேனே, அதே சாம்பல்.

கண்ணாடியில் விரல் பட்ட இடத்தில் சாம்பல் இல்லை. வானம் தெரிகிறது. நீல வானம், ஒரு மின்கம்பிகூட.

அடியில் அழுக்கே இல்லையே! சுவர் விழுவதற்கு முன்னால் அந்தக் கண்ணாடி சுத்தமாக இருந்திருக்கிறது. துடைத்திருக்கிறான். சொன்னானே. அன்றைக்கே சொன்னானே, பாவி நான்.

மார்ச் 29, ஞாயிறு

நேற்று எழுதாததை இன்று எழுதுகிறேன்.

அன்று அண்ணன் ஒரு சந்துக்குள் தண்ணீர் விட்டுவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான். ஓரமாக இருந்த பழைய மதில் சரிந்தது. காவலாளிக்குக் கணுக்கால் முறிந்தது. அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "வண்டி சுவத்துல படவே இல்ல. அது சாயறதக் கண்ணாடில பாத்துதான் பிரேக் போட்டேன்." விசாரணைக்கு வந்தவர் தூசி மூடிய கண்ணாடியைக் காட்டி, "இதுலயா பாத்தீங்க?" என்றார். பக்கத்துத் தெருவில் வேலையாக இருந்த நானும் ஓடிப்போய் நின்றேன். பயம். காவலாளியின் அலறல் காதில். எல்லார் முன்னாலும் நான் கத்தினேன்: "காலைல ஒரு துணி எடுத்துத் துடைச்சிருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும் உனக்கு?"

விசாரித்தவர் அதையே பிடித்துக்கொண்டார். "உங்க தங்கச்சியே சொல்றாங்க." கோப்பில் எழுதினார்கள்: கண்ணாடியைச் சுத்தமாக வைக்காதது ஓட்டுநரின் கவனக்குறைவு. கோப்பில் இருப்பது கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ். அதில் எல்லாத் தூசியும் ஒரே தூசி. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நான் நிறத்தோடு பார்த்தேன், இரண்டடி தூரத்தில். எந்த அழுக்கையும் பார்த்ததும் எங்கிருந்து வந்தது என்று சொல்லுவேன் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொள்கிறவள். சொந்த அண்ணன் விஷயத்தில் மட்டும் கண் எங்கே போனது?

இவரிடம் காட்டினேன். இரண்டு நிமிடம் படத்தைப் பார்த்தார். நக்கல் இல்லை. "போய்ச் சொல்லு" என்றார்.

மார்ச் 30, திங்கள்

போகவில்லை.

ஏப்ரல் 4, சனி

போனேன். எத்தனை நாள் ஓடுவது?

கதவைத் திறந்தது அண்ணன். மூன்று வருடத்தில் முடி எல்லாம் நரைத்திருக்கிறது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டேன். "அண்ணா, கண்ணாடி சுத்தமாதான் இருந்திருக்கு. நீ சொன்னது நிஜம். நான் பாக்காமப் பேசிட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சிடு."

"இதக் கண்டுபிடிக்க உனக்கு மூணு வருஷமா?"

"ஆமா."

"நான் ஒரே நிமிஷத்துல சொன்னேனே?"

அழுதேன். எனக்கு அழத் தெரியாது, விக்கல்தான் வரும். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து, "ரெண்டு பேரும் உள்ள வந்து அழுங்க, எதிர்வீட்டுல வேடிக்கை பாக்கறாங்க" என்றார்.

உள்ளே போய்ப் படத்தைக் காட்டினேன். அவனுக்கு விரல் வைத்த ஞாபகமே இல்லை. அந்தத் தடத்தின் மேல் தன் நான்கு விரலையும் வைத்து வைத்துப் பார்த்தான். பணிமனைக்கு மனு கொடுக்கலாம் என்றேன். "டிசம்பர்ல ரிட்டயர் ஆகறேன் வாலு. இனிமே எதுக்கு? விடு" என்றான்.

சின்ன வயதில் கூப்பிட்டது போல வாலு என்றான்! அதற்கப்புறம் நான் விடுவேனா?

ஏப்ரல் 7, செவ்வாய்

மனு எழுதி முடித்தேன். மூன்று பக்கம். இவர் படித்துவிட்டு, "தூசியப் பத்தி இவ்வளவு எழுத முடியுமா?" என்றார். அடித்துத் திருத்தி ஒரு பக்கமாக்கினேன். அண்ணன் கையெழுத்துப் போட்டான், முணுமுணுத்துக்கொண்டே. பணிமனையில் அடுத்த வாரம் வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 16, வியாழன்

பணிமனைப் பொறியாளர் ஒரு பெண். போன வருடம்தான் இங்கே வந்தவர், பழைய விசாரணையில் இல்லாதவர். பத்து நிமிடம்தான் என்றார். நான் பெட்டியைத் திறந்து லாரியை மேசையில் வைத்தேன்.

"என்னங்க இது, பொம்மையா?"

"நம்பரப் பாருங்க மேடம்."

குனிந்து பார்த்தார். எழுந்து சுற்றி வந்து பின்பக்கமும் பார்த்தார். "இந்த வால்வ் இப்பவும் இப்படித்தான் ஒழுகுது" என்றார். பத்து நிமிடக் கணக்கு அங்கேயே போயிற்று.

லாரியின் கண்ணாடி விரல் நகம் அளவுதான் இருக்கும், அதில் ஒன்றும் நிரூபிக்க முடியாது. அதற்காகக் கடையில் இரண்டு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கித் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். ஒன்றில் சாம்பல் பொடியை ஈரமாக வைத்துக் காயவிட்டு, மேலே செங்கல் பொடி. இன்னொன்றில் செங்கல் பொடி மட்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நாலு விரல வச்சு இழுங்க மேடம். ரெண்டுலயும்."

இழுத்தார். முதல் கண்ணாடியில் சாம்பல். இரண்டாவதில் அவர் தலைக்கு மேலே எரிந்த டியூப்லைட். போன் படத்தைப் பக்கத்தில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிறகு கேட்டார், கெட்டிக்காரர்: "விரல் பட்டப்போ அடியில இருந்த பழைய தூசியும் சேந்து போயிருக்கலாமில்ல?"

இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். "கதவப் பாருங்க. அதே ஆள், அதே கை, அதே நிமிஷம். அங்க சிவப்பு மட்டும்தான் போயிருக்கு, சாம்பல் அசையல. கண்ணாடில சாம்பல் இருந்திருந்தா அதுவும் அசைஞ்சிருக்காது."

அவர் அண்ணனைப் பார்த்தார். அதுவரை அவன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தான். "நீங்க எதாவது சொல்லணுமா?"

"அன்னைக்கே சொல்லிட்டேன் மேடம். கண்ணாடில பாத்துதான் பிரேக் போட்டேன்."

பழைய கோப்பை எடுத்து வரச் சொன்னார். ஜெராக்ஸைப் பார்த்து உதட்டைச் சுழித்தார். மேலே அனுப்புகிறேன் என்றார். அண்ணன் வெளியே வந்து, "அந்தம்மா கை எல்லாம் செங்கல் பொடி. கைக்குட்டை குடுத்தியா?" என்று கேட்டான். கொடுக்க மறந்துவிட்டேன்.

ஏப்ரல் 30, வியாழன்

பதில் இல்லை. பணிமனையில் ஒவ்வொரு கோப்பிலும் எவ்வளவு தூசி இருக்குமோ, அதற்கு என்ன நிறமோ. வரும். வராமல் எங்கே போகும்?

மே 10, ஞாயிறு

அண்ணனும் அண்ணியும் சாப்பிட வந்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு. இவர் வாசலில் நின்று, "வாங்க மச்சான், அட்டெண்டன்ஸ் ரொம்ப நாளா விட்டுப்போச்சு" என்றார். அண்ணன் சிரித்துவிட்டான். நான் இலை போட உள்ளே ஓடினேன்.

சாப்பிட்டதும் லாரியைக் காட்டினேன். பணிமனையில் அவன் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இப்போது மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேசையில் முகத்தை வைத்துப் பார்த்தான். அழுக்குக்கு அழுக்கு சரி பார்த்தான். ஏணியில் மூன்றாவது படி வளைந்திருக்க வேண்டுமாம். ஜன்னலுக்குக் கீழே அவன் முழங்கை தேய்த்துத் தேய்த்துத் தூசியே நிற்காதாம். "இதெல்லாம் உனக்கெங்க தெரியப்போகுது" என்றான். எனக்குத் தெரியாத அழுக்கு இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள். ஒத்துக்கொண்டேன்.

பக்கக் கண்ணாடிகளில் நான் ஒரு துகள்கூட வைக்கவில்லை. அதைப் பார்த்தான். திடீரென்று, "கதவு திறக்குமா?" என்று ஆள்காட்டி விரலை நீட்டினான்.

"தொடாதே!" என்று நான் கத்துவதற்குள் வைத்துவிட்டான். ஓட்டுநர் கதவில், ஜன்னலுக்குக் கீழே, அவன் விரல் முழுசாகப் பதிந்துவிட்டது. வரி வரியாய். முகம் விழுந்துவிட்டது அவனுக்கு. "ஐயையோ, கெடுத்துட்டேனா?"

இவர் மூச்சு விடாமல் என்னைப் பார்த்தார்.

"கெடல. உன் வண்டிதான" என்றேன்.

இரண்டு நிமிடத்தில் பொடி போட்டு மறைத்துவிடலாம். அவர்கள் போனதும் குச்சியைக்கூட எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

மே 24, ஞாயிறு

கண்காட்சி. என் மேசையைச் சுற்றித்தான் கூட்டம். வால்வுக்குக் கீழே இருந்த பாசியைப் பார்த்து ஒருவர், "ஈரமா இருக்கா?" என்று மோந்தே பார்த்தார்.

பரிசு இல்லை! முதல் பரிசு ஒரு டிராக்டருக்குப் போனது. கரிச்சட்டி டிராக்டர். சரி, போகட்டும். நடுவர் கொடுத்த மதிப்பெண் அட்டையை இங்கே ஒட்டியிருக்கிறேன்:

"தூசி வேலை மிகச் சிறப்பு. ஆனால் ஓட்டுநர் கதவில் விரல் பதிவு. கவனக்குறைவு."

படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன். நடுவர் பயந்துபோய், "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், கடைசி நேரத்துல யாரோ தொட்டிருக்காங்க போல" என்றார்.

"யாரோ இல்ல சார். அந்த வண்டியோட டிரைவர்."

அவருக்குப் புரியவில்லை. பின்னால் நின்ற அண்ணன் அட்டையை வாங்கிப் படித்தான். "இந்தக் கவனக்குறைவு நெசமாவே என்னோடதுதான்" என்றான். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் டிராக்டர்காரர் முறைத்தார்.

ஜூன் 5, வெள்ளி

அண்ணி போன் செய்தார். ஆணை வந்துவிட்டது. கோப்பிலிருந்து கவனக்குறைவு என்ற அந்த வரியை நீக்கிவிட்டார்கள். திங்கள் முதல் பழையபடி வண்டி. டிசம்பர் வரை. "என்ன பண்றாரு?" என்று கேட்டேன். "பீரோவுல காக்கிச் சட்டையத் தேடறாரு. இடுப்பு பத்தல, என்னத் திட்டறாரு" என்றார்.

ஜூன் 8, திங்கள்

ஆறரைக்கே எழுந்து ஜன்னலில் நின்றேன். "இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு" என்றார் இவர். ஆனால் அவரும் காபியோடு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஏழு பத்து. ஏழு பன்னிரண்டு. முதல் நாள் அல்லவா, தாமதமாகும்.

ஏழு பதினாலுக்கு மஞ்சள் லாரி தெருவுக்குள் வந்தது. பின்னால் வால்வ் ஒழுகிக்கொண்டே. ஜன்னலில் முழங்கை. அவன் தலையைத் திருப்பவில்லை, சாலையைப் பார்த்தே ஓட்டினான். வண்டி வீட்டைத் தாண்டிப் போய்விட்டது. ஹார்ன் அடிக்க மறந்துவிட்டான் போல என்று நினைத்தேன். வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துச் சும்மா கையை ஆட்டினேன்.

உடனே சின்னதாய் இரண்டு ஹார்ன். கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறான்.